மதிலுக்குள் ஒரு பல்கலைக்கழகம்

2009 அக்டோபர் தொடக்கத்தில் சவூதி அரேபியாவின் மன்னர் அப்துல்லா ஓர் ஆணை பிறப்பித்தார். மூத்த மார்க்க அறிஞர்கள் அவையின் உறுப்பினரான ஷேக் சாத் அல்-ஷத்ரி பதவியிலிருந்து நீக்கப்பட்டார். அந்த அவை எளிதில் கைவைக்கக் கூடிய ஒன்றன்று. 1971இல் மன்னர் ஃபைசல் நிறுவியது. அரசின் முடிவுகள் மார்க்கத்துக்கு இசைந்தவை என்று நாட்டுக்கு உறுதி கூறும் உச்ச அமைப்பு. அதன் உறுப்பினர் ஒருவர் இப்படி வெளிப்படையாக அகற்றப்படுவது அரிதினும் அரிது.

அவர் செய்த பிழை என்ன? சில நாட்களுக்கு முன், செப்டம்பர் 23ஆம் நாள், செங்கடற்கரையில் துவல் என்னும் மீனவ ஊரை அடுத்து மன்னரின் பெயரிலேயே ஓர் அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் திறக்கப்பட்டிருந்தது. அதன் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து உலகம் அதனைக் கௌஸ்ட் என்று அழைக்கிறது. அங்கே ஆணும் பெண்ணும் ஒரே வகுப்பில் அமர்ந்து படிப்பது தவறு என்றும், பரிணாமக் கொள்கை போன்றவை கற்பிக்கப்படுகின்றனவா என்பதை மார்க்க அறிஞர்கள் குழு ஒன்று ஆராய வேண்டும் என்றும் அல்-ஷத்ரி தொலைக்காட்சி ஒன்றில் கூறினார். நாளேடுகள் அவரைக் கண்டித்து எழுதின. பதவி போயிற்று.

உலகெங்கும் கல்வியாளர்கள் இந்தச் செய்தியை மகிழ்ச்சியோடு வரவேற்றனர். பழைமைக்கும் அறிவியலுக்கும் நடந்த போட்டியில் இம்முறை அறிவியல் வென்றது என்று அது படிக்கப்பட்டது. அப்படிப் படித்ததில் முழுப் பிழை இல்லை. ஆயினும் அந்த மகிழ்ச்சியில் கேட்கப்படாமல் போன கேள்வி ஒன்று உண்டு. ஒருவர் தம் கருத்தைச் சொன்னார், அதற்காகத் தண்டிக்கப்பட்டார். கருத்துச் சொல்லும் உரிமையின் மீதே நிற்க வேண்டிய பல்கலைக்கழகம், தன் முதல் மாதத்திலேயே, ஒரு கருத்துக்குக் கிடைத்த தண்டனையால் காப்பாற்றப்பட்டது. கௌஸ்டின் வரலாற்றை இந்த முரணிலிருந்து படிக்கத் தொடங்குவதே பொருத்தம்.

இந்த நிறுவனம் எத்தகைய நிலத்தில் எழுந்தது என்பதை முதலில் காண வேண்டும். சவூதியில் பல்கலைக்கழகம் புதியதன்று. 1957இல் ரியாத்தில் முதல் பல்கலைக்கழகம் தொடங்கியது. 1963இல் தஹ்ரானில் பெட்ரோலிய, கனிமவளக் கல்லூரி எழுந்தது. இடையில் 1961இல் மதீனாவில் இஸ்லாமியப் பல்கலைக்கழகமும் நிறுவப்பட்டது. ஒரு கையால் பொறியியலும் மறு கையால் மார்க்கக் கல்வியும் வளர்த்த அரசு, இரண்டும் ஒன்றையொன்று தொடாதபடி பார்த்துக்கொண்டது.

பெண் கல்வியின் கதை இன்னும் கடினமானது. 1960இல் பெண்களுக்கான அரசுப் பள்ளிகள் அறிவிக்கப்பட்டபோது பழைமைவாதிகள் எதிர்த்தனர். புரைதா நகரில் எதிர்ப்பு மூண்டு, பள்ளியைத் திறந்து வைக்கப் படையை அனுப்ப வேண்டியிருந்தது. அரசு இறுதியில் ஓர் உடன்பாட்டுக்கு வந்தது: பெண்கள் படிக்கலாம்; ஆனால் அவர்களுடைய கல்வி, கல்வி அமைச்சகத்தின் கீழ் வராது; மார்க்க அறிஞர்களின் பொறுப்பிலுள்ள தனித் துறை ஒன்றின் கீழ் இருக்கும். அந்த ஏற்பாடு ஏறத்தாழ 40 ஆண்டுகள் நீடித்தது. 1979இல் மக்காவின் பெரிய பள்ளிவாசலை ஆயுதக் குழு ஒன்று கைப்பற்றிய பின், அரச குடும்பம் தன் மார்க்கப் பற்றை மெய்ப்பிக்க முனைந்து மார்க்க அறிஞர்களுக்கு இன்னும் அதிகமாக இடங்கொடுத்தது. பல்கலைக்கழகங்களில் ஆண் பேராசிரியர் ஒரு கட்டடத்தில் பாடம் நடத்த, மாணவிகள் வேறொரு கட்டடத்தில் தொலைக்காட்சித் திரையில் அவரைக் கண்டு குறிப்பெடுத்தனர்.

2002 மார்ச்சில் மக்காவில் பெண்கள் பள்ளி ஒன்று தீப்பற்றியது. 15 சிறுமிகள் இறந்தனர். முறையாகத் தலை மூடாமல் ஓடி வந்தவர்களை மதக் காவலர்கள் தடுத்தனர் என்றும், மீட்க வந்தவர்களுக்கு இடையூறு செய்தனர் என்றும் சவூதி நாளேடுகளே எழுதின. அரசு அதை மறுத்தது. ஆனால் அந்த ஆண்டிலேயே பெண் கல்வித் துறை மார்க்க அறிஞர்களின் கையிலிருந்து எடுக்கப்பட்டுக் கல்வி அமைச்சகத்தோடு இணைக்கப்பட்டது. ஏழே ஆண்டுகள் கழித்து, அதே மக்கா மாகாணத்தின் கடற்கரையில், ஆணும் பெண்ணும் ஒரே ஆய்வகத்தில் பணிபுரியும் பல்கலைக்கழகம் திறக்கப்பட்டது. இந்த இரு நிகழ்வுகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால்தான் கௌஸ்ட் எவ்வளவு துணிச்சலான முயற்சி என்பது விளங்கும்.

அதைக் கட்டிய முறையும் கவனிக்கத் தக்கது. மன்னர் உயர்கல்வி அமைச்சகத்தை நம்பவில்லை. கட்டும் பொறுப்பைத் தேசிய எண்ணெய் நிறுவனமான அராம்கோவிடம் ஒப்படைத்தார். 2007 அக்டோபரில் அடிக்கல் நாட்டப்பட்டது. இரண்டே ஆண்டுகளில் 36 சதுர கிலோமீட்டர்ப் பரப்பில் ஆய்வகங்கள், குடியிருப்புகள், பள்ளிவாசல், படகுத்துறை எல்லாம் எழுந்தன. வைப்பு மூலதனமாக 1,000 கோடி டாலர் ஒதுக்கப்பட்டதாக அன்றைய செய்திகள் கூறின. நிர்வாகம் தனி அறங்காவலர் குழுவின் கையில். முதல் தலைவராக, சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தை நடத்திய சி சூன் ஃபோங் அழைக்கப்பட்டார். அடுத்து வந்த ஜான்-லூ ஷமோ, கால்டெக்கின் தலைவர் பதவியை விட்டு வந்தவர்.

அராம்கோவைத் தேர்ந்தெடுத்ததில் ஆழமான காரணம் இருந்தது. 1938இல் தம்மாமில் எண்ணெய் பீறிட்ட காலம் முதல், தஹ்ரானில் அமெரிக்கப் பொறியாளர்கள் வேலி சூழ்ந்த குடியிருப்பில் வாழ்ந்து வந்தனர். வேலிக்குள் ஒரு சட்டம், வெளியே வேறொரு சட்டம். நாடு முழுவதும் பெண்கள் வாகனம் ஓட்டத் தடை இருந்த காலத்திலும் அந்த வேலிக்குள் பெண்கள் வண்டி ஓட்டினர். நாட்டுக்குத் தேவையான அந்நியத் திறமையை, நாட்டின் வழக்கங்களோடு உரசாமல், தனித் தீவாக வைத்துக்கொள்ளும் கலையை அரசு அங்கேதான் கற்றது. கௌஸ்ட் அந்தக் கலையின் அடுத்த படி. மதிலுக்குள் மதக் காவலர்களுக்கு வேலையில்லை. பெண்கள் முகத்திரை அணிய வேண்டிய கட்டாயமில்லை, வண்டி ஓட்டலாம், ஆணுடன் ஒரே மேசையில் அமர்ந்து முடிவுகளை விவாதிக்கலாம். மதிலைத் தாண்டி ஜித்தா நோக்கி 80 கிலோமீட்டர்ச் சாலையில் இறங்கிய கணமே அத்தனையும் அன்று முடிந்துவிட்டது.

இளநிலைப் பட்டப் படிப்பு அங்கு இல்லை. முதுநிலையும் முனைவர் பட்டமும் மட்டுமே. சேர்ந்தவர் அனைவருக்கும் கட்டணமில்லை. உதவித்தொகையும் உறைவிடமும் உண்டு. உதவித்தொகை மாதக்கணக்கில் தாமதமாவதும், கருவி பழுதானால் ஒப்பந்தப்புள்ளிக் கோப்பு மேசை மேசையாக நகர்வதும் இந்திய ஆய்வு மாணவர்களின் அன்றாட அனுபவம். அவர்களில் பலர் துவலுக்கு விண்ணப்பிப்பதில் வியப்பில்லை.

விளைவுகளும் வந்தன. ஷாஹீன் என்ற மீத்திறன் கணினியின் இரண்டாம் தலைமுறை 2015இல் உலகத் தரவரிசையில் 7ஆம் இடம் பெற்றது. மத்திய கிழக்கிலிருந்து முதல் பத்துக்குள் நுழைந்த முதல் கணினி அதுவே. உவர்நிலத்தைத் தாங்கும் கினோவாவின் முழு மரபணுத் தொகுதியை 2017இல் அங்கிருந்த குழு வழிநடத்தி வெளியிட்டது. வெப்பத்தையும் உப்பையும் தாங்கும் செங்கடல் பவளங்கள், கடல்நீரைக் குடிநீராக்கும் சவ்வுகள், சூரிய மின்கலங்கள் என்று அந்நிலத்தின் தேவையிலிருந்தே ஆய்வுகள் கிளைத்தன. ஒரு பேராசிரியருக்கு எத்தனை மேற்கோள்கள் என்ற கணக்கில் உலகப் பட்டியலொன்றில் கௌஸ்ட் முதலிடத்தையும் தொட்டது. பணத்தால் கட்டடம் எழுப்பலாம், அறிவியலை எழுப்ப முடியாது என்று தொடக்கத்தில் நகைத்தவர்கள் தம் கணிப்பைத் திருத்திக்கொள்ள வேண்டியதாயிற்று. ஆய்வகக் கதவைத் திறந்து உள்ளே சென்ற சவூதிப் பெண்ணுக்கு அது வெறும் தரவரிசை எண்ணும் அன்று. அவளுடைய தாய் திரையில் மட்டுமே கண்ட பேராசிரியரை அவள் எதிரில் நின்று மறுத்துப் பேச முடிந்தது.

இத்தனையும் ஒப்புக்கொண்ட பிறகே மதிலைப் பற்றிய கேள்வியைக் கேட்பது நேர்மை. மதில் யாரிடமிருந்து காத்தது? மார்க்க அறிஞர்களிடமிருந்து. மதிலைக் கட்டியவரிடமிருந்து காக்க எந்த மதிலும் இல்லை.

பாடத்துறைகளின் பட்டியலே இதைக் காட்டும். உயிரியல், சுற்றுச்சூழல், கணிதம், கணினி, பொறியியல், இயற்பியல், வேதியியல் எல்லாம் உள்ளன. வரலாற்றுத் துறை இல்லை. அரசியல் இல்லை, சமூகவியல் இல்லை, மெய்யியல் இல்லை. அறிவியல் தொழில்நுட்ப நிறுவனத்தில் அவை இல்லாதது இயல்பே என்று சொல்லலாம். ஆனால் பவளத்தின் வயதைக் கேட்கலாம், மன்னராட்சியின் வயதைக் கேட்க முடியாது என்ற எல்லையையும் அந்தப் பட்டியல் அமைதியாக வரைந்துவிடுகிறது.

2015 ஜனவரி 9ஆம் நாள் அந்த எல்லை வெளிச்சத்துக்கு வந்தது. இணையத்தில் தாராளவாதக் கருத்துகளை எழுதிய ரைஃப் பதாவிக்கு 10 ஆண்டுச் சிறையும் 1,000 சவுக்கடியும் விதிக்கப்பட்டிருந்தன. அவற்றில் முதல் 50 அடிகள் அன்று ஜித்தாவில் பள்ளிவாசல் ஒன்றின் முன் பொதுமக்கள் காணக் கொடுக்கப்பட்டன. சில நாட்களில் நோபல் பரிசு பெற்ற 18 பேர் கையெழுத்திட்டு ஒரு திறந்த மடல் எழுதினர். அதை அவர்கள் மன்னருக்கு எழுதவில்லை. கௌஸ்டின் தலைவர் ஷமோவுக்கு எழுதினர். கருத்துச் சுதந்திரத்துக்காகச் செல்வாக்குள்ள குரல்கள் எழ வேண்டும் என்று அதில் வேண்டினர். அறிவியல் உலகின் உறுப்பினராகத் தன்னை அறிமுகப்படுத்திக்கொண்ட நிறுவனத்திடம், அந்த உலகம் உறுப்பினர் கடமையை நினைவூட்டிய தருணம் அது.

அந்த மடலைப் பெறுபவரின் நாற்காலியில் ஒரு கணம் அமர்ந்து பார்ப்பது நல்லது. பேசினால், மதிலைக் கட்டிய கை மதிலை இடிக்கவும் கூடும். உள்ளே படிக்கும் பெண்களின் இடமும் போகும். பேசாவிட்டால், பல்கலைக்கழகம் என்ற சொல்லின் பாதிப் பொருள் போகும். அவரைக் குறை கூறுவது எளிது. எந்த நாட்டில் எந்தத் துணைவேந்தர் தம்மை நியமித்த அரசை எதிர்த்து அப்படிப் பேசியிருக்கிறார் என்று கேட்டால், கேட்பவரும் சற்றே தலை குனிய நேரும்.

மடல் எழுதப்பட்ட சில நாட்களில், ஜனவரி 23ஆம் நாள், மன்னர் அப்துல்லா காலமானார். அடுத்து வந்த மன்னர் சல்மான் தம் முதல் நியமனங்களிலேயே ஒருவரை அரசவை ஆலோசகராக அமர்த்தினார். அவர், 2009இல் கௌஸ்டைக் குறை கூறிப் பதவி இழந்த அதே சாத் அல்-ஷத்ரி. ஓர் ஆணை நீக்கியவரை இன்னோர் ஆணை மீட்டது. பல்கலைக்கழகம் மூடப்படவில்லை, கூட்டுக் கல்வி தொடர்ந்தது. ஆனால் அதன் பாதுகாப்பு எதன் மேல் நின்றது என்பது அன்று தெளிவாயிற்று.

அதன் பின் வந்த ஆண்டுகள் மதிலுக்குள் இருந்தவற்றை வெளியே கொண்டு வந்தன. 2016இல் மதக் காவலர்கள் கைது செய்யும் அதிகாரத்தை இழந்தனர். 2018 ஜூன் 24 முதல் பெண்கள் நாடெங்கும் வண்டி ஓட்டலாயினர். துவலின் சிறு தீவு முன்னோடியாக இருந்தது, நாடு அதைப் பின்பற்றியது என்று சொல்ல ஆசை எழும். ஆனால் வண்டி ஓட்டும் உரிமைக்காகப் போராடிய லூஜைன் அல்-ஹத்லூல் முதலிய பெண்கள், அந்தத் தடை நீங்குவதற்குச் சில வாரங்களுக்கு முன்பே கைது செய்யப்பட்டனர். முந்தைய ஆண்டில் சல்மான் அல்-அவ்தா போன்ற புகழ்பெற்ற மார்க்க அறிஞர்களும் சிறை சென்றிருந்தனர். உரிமையைக் கேட்டவரும் உள்ளே, மார்க்கத்தைப் பேசியவரும் உள்ளே. நன்மை வரட்டும், ஆனால் அது கேட்டுப் பெற்றதாக இருக்கக் கூடாது, கொடுத்ததாகவே இருக்க வேண்டும் என்பதே அந்தக் கைதுகளின் பொருள். இங்கிலாந்தின் லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்ட ஆய்வு செய்துகொண்டிருந்த சல்மா அல்-ஷிஹாப், விடுமுறைக்குத் தாயகம் வந்தபோது கைதானார். சமூக ஊடகப் பதிவுகளுக்காக 2022இல் அவருக்கு 34 ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது. மேல்முறையீடுகளில் தண்டனை குறைந்து, 2025இல் அவர் விடுதலையானார். ஆண் துணையின்றிப் பயணம் செய்யவும் வண்டி ஓட்டவும் பெண்ணுக்கு அனுமதி கிடைத்துவிட்ட நாட்டில், ஆய்வு மாணவி ஒருத்திக்கு நேர்ந்தது இது.

மன்னர் அப்துல்லா தம் பல்கலைக்கழகத்தைப் புதிய பைத்துல் ஹிக்மா, அதாவது ஞான இல்லம், என்று கருதினார். பாக்தாதில் அப்பாசியக் கலீஃபாக்கள் போற்றிய அந்த இல்லத்தோடு கலீஃபா மாமூனின் பெயர் பிரியாமல் இணைந்திருக்கிறது. கிரேக்க நூல்களை அரபுக்குக் கொண்டு வந்த பெரும் பணியின் புரவலர் அவர். அதே மாமூன்தான், குர்ஆன் படைக்கப்பட்டது என்ற பகுத்தறிவுவாதக் கோட்பாட்டை அனைத்து மார்க்க அறிஞரும் ஏற்க வேண்டும் என்று 833இல் விசாரணை தொடங்கியவர். ஏற்க மறுத்த அஹ்மத் இப்னு ஹன்பல் சிறையிலிடப்பட்டார். அடுத்த கலீஃபாவின் காலத்தில் சவுக்கடியும் பெற்றார். அடி அவரை வீழ்த்தவில்லை. மக்களிடையே அவருடைய மதிப்பு மலையளவு உயர்ந்தது. ஏறத்தாழ 15 ஆண்டுகளில் அந்த விசாரணை கைவிடப்பட்டது. இன்று சவூதியின் மார்க்க அறிஞர்கள் பின்பற்றுவது அந்த ஹன்பலின் சட்டநெறியைத்தான். அரச ஆணையால் அறிவைத் திணிக்கும்போது, அடிபட்டவரின் பக்கம் எவ்வளவு காலம் நினைவு நிற்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

வேறு வழி இருந்ததா? இந்தியாவில் ஒரு வழி முயலப்பட்டது. 1875இல் சர் சையது அஹ்மத் கான் அலிகரில் ஆங்கிலக் கல்வி நிறுவனம் தொடங்கியபோது கடும் எதிர்ப்பு எழுந்தது; மக்காவிலிருந்தும் கண்டன ஃபத்வா பெற்று வரப்பட்டது. எதிர்த்தவர்களை வாய்மூடச் செய்யும் ஆணை அவரிடம் இல்லை. ஆங்கில அரசின் ஆதரவு இருந்தும், ஊர் ஊராக நன்கொடை திரட்ட வேண்டியிருந்தது. தந்தவர்களின் மனத்தையும் பார்க்க வேண்டியிருந்தது. எனவே மார்க்கப் பாடத்தைப் பழைமை வழுவாத அறிஞர்களிடமே ஒப்படைத்தார். தம் புதிய மார்க்கக் கருத்துகளைக் கல்லூரிக்குள் கொண்டு வரவில்லை. அந்த உடன்பாட்டுக்கும் விலை இருந்தது. முதல் நாளிலேயே பெண்களுக்கு அங்கே இடமிருக்கவில்லை. அலிகரில் பெண்களுக்கான பள்ளி 1906இல்தான் தொடங்கியது. 30 ஆண்டுகளில் எத்தனை சிறுமிகள் பாட்டிகளாகியிருப்பார்கள்! அந்தப் பக்கமிருந்து பார்த்தால், ஒரே ஆணையில் பெண்ணுக்கு ஆய்வகத்தைத் திறந்துவிட்ட மன்னரை எள்ளுவதற்கு எவருக்கும் உரிமையில்லை.

ஆகவே இந்தக் கணக்கு எளிதில் தீர்வதில்லை. எதிர்ப்பாளரோடு பேசிப் பேசிக் கட்டினால் காலம் போகிறது. காத்திருப்பவரின் வாழ்வு கழிந்துவிடுகிறது. ஆணையால் கட்டினால் விரைவில் எழுகிறது. ஆனால் எழுந்தது அந்த ஆணையின் நிழலை விட்டு வெளியே வர முடிவதில்லை. அலிகருக்கு அதன் சமூகத்தோடு நடந்த நெடிய சண்டையில் ஒரு பயன் கிடைத்தது. அது தங்களுடையது என்று திட்டியவர்களும் பின்னர் உரிமை கொண்டாடினர். துவலுக்காகச் சண்டையிட்ட சவூதிக் குடிமகன் எவரும் இல்லை. சண்டையிட அனுமதியும் இல்லை.

துவலில் இன்று ஒரு தலைமுறை ஆய்வு மாணவர்கள் பட்டம் பெற்று வெளியேறிவிட்டனர். அவர்களில் சவூதிப் பெண்களும் ஆண்களும் உண்டு. சான்றில்லாமல் எதையும் ஏற்காதே, யார் சொன்னாலும் சரிபார் என்று அவர்களுக்கு அங்கே கற்பிக்கப்பட்டது. ஆய்வகத்தில் பழகிய அந்த வழக்கம் மதில் வாசலில் செருப்பைப் போலக் கழற்றி வைக்கக் கூடியதா என்பதை இனிதான் பார்க்க வேண்டும். உதவித்தொகைக்காகவும் கருவிகளுக்காகவும் அங்கே செல்ல எண்ணும் இந்திய மாணவர் தாராளமாகச் செல்லலாம். அங்கு நடப்பது உண்மையான அறிவியல். உள்ளே நுழையும்போது ஒன்றை மட்டும் மனத்தில் கொள்வது நல்லது: அந்த வாசலைத் திறந்து வைப்பதற்காக முதலில் பதவி இழந்தவர், அவருடைய கருத்து எவ்வளவு பிழையானதாக இருந்தாலும், பேசியதற்காகவே தண்டிக்கப்பட்டவர். பிறகு ஜித்தாவில் அடிபட்டவரும் பேசியதற்காகத்தான் தண்டிக்கப்பட்டார்.